பேய்ப்படம், அழுகைப்படம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சினிமா விமர்சகன் இல்லை. அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன், ராத்திரி பத்து மணிக்கு மேல் படம் பார்க்கிறவன். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கல்யாணப் பந்தியிலும் ரயிலில் எதிரே வந்து உட்காரும் சொந்தக்காரர்களிடமும் பதினைந்து வருஷமாக ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். சில படங்களின் முடிவு இதில் தெரிந்துவிடும். கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் வந்து வருஷக்கணக்கான படங்கள்தான்.

பேய்ப்படமும் பிடிக்கும், அழுகைப்படமும் பிடிக்கும் என்கிறீர்கள். ரெண்டும் எப்படி ஒரே ஆளுக்குப் பிடிக்கும்?

எனக்கு அது ரெண்டாகவே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மனப்பாடம் பண்ண வைத்தார். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவது. அது எட்டு. அதில் அழுகையும் உண்டு, அச்சமும் உண்டு. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்லியிருக்கும். ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ என்பது அச்சத்துக்கு. ‘இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே’ என்பது அழுகைக்கு. பேய், மிருகம், திருடன், அரசன் ஆகிய நாலும் பயமுறுத்தும். அவமானம், இழப்பு, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை ஆகிய நாலும் அழவைக்கும்.

பரீட்சைக்குப் பிறகு இதை மறந்துபோனேன். வெகுகாலம் கழித்து ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்தது அணங்கு. அடியில் கிடந்தது இழவு. அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பேயை எடுத்துவிட்டு அந்தக் கதையை யாருக்காவது சொல்லிப் பார்ப்பேன். ஒரு வீட்டின் துக்கம் மிஞ்சினால் படம் தேறிவிட்டது. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், இரண்டு மணி நேரம் யாரோ காதுக்குப் பக்கத்தில் தகரத்தைத் தட்டியிருக்கிறார்கள்.

முதன்முதலில் உங்களைப் பயமுறுத்திய படம் எது?

படம் இல்லை, கட்டில்.

ஆச்சி இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. திருநெல்வேலிப் பக்கம் கிராமம். கடைசி ரெண்டு வருஷம் ஆச்சி படுத்துக் கிடந்தது பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், சுவரோரம் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அதில் யாரும் படுக்கவில்லை. எடுத்து வெளியே போடவும் யாருக்கும் மனசு வரவில்லை. ராத்திரி அது முனகும். கயிறு இளகுகிற சத்தம் என்று அப்பா சொன்னார். அப்பா சொன்ன தோரணையில் அவருக்கே நம்பிக்கை இருந்த மாதிரித் தெரியவில்லை. ஒருநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் தாத்தா அந்தக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் அழவில்லை. கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பயந்தது அப்போதுதான்.

அந்த வருஷம் கோயில் கொடைக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டார்கள். ரெண்டாவது படம் பேய்ப்படம். வெள்ளைச் சேலை, விரித்த தலை, சாம்பிராணிப் புகை. பையன்கள் எல்லோரும் கத்தினார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போகணுமே, கட்டில் இருக்குமே என்றுதான் நினைப்பு ஓடியது.

திடுக்கென்று தூக்கிப்போட வைத்தால் அது நல்ல பேய்ப்படம்தானே?

குக்கர் விசிலும் தூக்கிப்போட வைக்கும்.

தமிழில் உங்களுக்குப் பிடித்த பேய்ப்படம்?

மிஷ்கினின் ‘பிசாசு’, 2014. யோசிக்காமல் சொல்வேன். அதில் பேய் நாயகனின் வீட்டுக்கு வந்து தங்குகிறது. பையன் குடிக்க எடுத்து வைத்த பீர் பாட்டிலைக் குடிக்கவிடாமல் பண்ணுகிறது. குளியலறையில் விழுந்த அம்மாவைக் காப்பாற்றுகிறது. பயப்படுவதற்குத் தயாராக உட்கார்ந்திருப்பவனிடம் படம் பாசத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறது, வாங்கவும் தெரியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அப்புறம் ராதாரவி வருகிறார். இறந்துபோன மகளை எரிக்கவும் மனமில்லாமல், புதைக்கவும் மனமில்லாமல் பனிக்கட்டிக்குள் வைத்துக் காப்பாற்றும் அப்பா. பேயாக நிற்கும் மகளைப் பார்த்து வீட்டுக்கு வந்துவிடும்படி அவர் கெஞ்சுகிற இடத்தில் என் பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். பேய்ப்படத்துக்கு வந்த கூட்டம் அது.

படத்தின் ஒளிப்பதிவைப் பற்றியும் கேமராக் கோணங்களைப் பற்றியும் நிறையப் பேர் பேசுவார்கள். எனக்கு அரோல் கொரேலியின் வயலின்தான் கணக்கு. நாயகன் வயலின் வாசிப்பவன் என்பதால், பின்னணி இசை எங்கே முடிகிறது, அவன் மனசு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. சந்தேகமிருந்தால் எந்தப் பேய்ப்படத்தையும் ஒலியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள். பேய் வேஷம் போட்ட நடிகையும் இருட்டான வராந்தாவும் மட்டும் மிஞ்சும்.

ரெண்டாவதாக, ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’, 1963. பேயே கிடையாது. முன்ஜென்ம ஞாபகம், பாழடைந்த அரண்மனை, கிழவனாகியும் பகை தீராத நம்பியார். ஒரு பாட்டு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒளிப்பதிவு வின்சென்ட். அவர் அடுத்த வருஷமே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார், அதுவும் பாழ்வீடு, அதுவும் இறந்துபோன பெண், கதை வைக்கம் முகம்மது பஷீருடையது. இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரிகளில் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் நிழலுக்குக் கனம் இருந்ததென்று தெரியும்.

சந்திரமுகியா, மணிச்சித்திரத்தாழா?

இந்தக் கேள்விக்காகவே சிலர் என் வீட்டுக்கு வருகிறார்கள்.

‘சந்திரமுகி’யை நான் தியேட்டரில் மூன்று தடவை பார்த்தேன். ‘லகலகலக’வுக்குக் கைதட்டினேன். அது ரஜினி படம், ரஜினி படமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1993-ல் ஃபாசில் மலையாளத்தில் எடுத்த மூலப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’ நாயகி கங்காவின் படம். மோகன்லால் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வருகிறார். அதற்குள் நாம் கங்காவோடு அந்தப் பெரிய வீட்டில் வாழ்ந்து முடித்திருப்போம். வேலையில் மூழ்கிக் கிடக்கும் கணவன், பேச ஆளில்லாத மத்தியானங்கள், சின்ன வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போய், பிறகு திடீரென்று வந்து பிடுங்கிக்கொண்டுபோன அப்பா அம்மா. பேயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தனிமையில் உடைந்த ஒரு பெண். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கொடுத்தார்கள். கண்ணை உருட்டியதற்குக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மொழி. மலையாளப் படத்தில் பேயாகச் சொல்லப்படும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆட்டக்காரி. கங்காவுக்குள்ளிருந்து வருகிற குரல் தமிழ் பேசும். ‘ஒரு முறை வந்து பார்த்தாயா’ என்று தமிழில்தான் பாடி ஆடுவாள். மலையாளிக்கு அது அடிவயிற்றைக் கலக்கும். கூடவே குடும்பம் நடத்துகிற மனைவியின் வாயிலிருந்து அந்நிய மொழி வருகிறதே! நமக்கோ அது தாய்மொழி. என் அத்தை அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, ‘பாவம், நம்ம ஊர்ப் பொண்ணுல்லா’ என்றாள். படத்திலேயே எல்லோரும் பயப்படும் ஒருத்தி மேல் அத்தைக்கு இரக்கம் வந்துவிட்டது.

தமிழில் எடுத்தபோது அதனால்தான் சந்திரமுகி தெலுங்குக்காரி ஆனாள், ‘ரா ரா’ வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வந்த கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் அவள் தெலுங்கில்தான் பாடுவாள். 2007-ல் இந்திக்குப் போனபோது வங்காளம் பேசினாள். எந்த ஊருக்குப் போனாலும் பேய் பக்கத்து மொழிக்காரிதான். இதை நினைத்துச் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வகைப் படங்கள்?

குழந்தைகளோடு கோடை விடுமுறையில் பார்க்கலாம், பாப்கார்ன் தீர்ந்துபோகும். ‘காஞ்சனா’வை (2011) மட்டும் தனியாக எடுத்து வைப்பேன். அதில் சரத்குமார் திருநங்கையாக வரும் முன்கதையைப் படம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்ப்பு மகளைப் படிக்கவைத்து டாக்டராக்கத் துடிக்கும் அந்தப் பகுதி முழுக்க இளிவும் இழவும்தான். அதற்கு முன்னே பின்னே நடக்கும் கூத்துக்கு அது சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் வீடு திரும்பும்போது அதுதான் கூட வரும்.

அது ஓடியதும் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய பங்களா, வந்து இறங்கும் சொந்தக்காரக் கூட்டம், கட்டிலுக்கடியில் ஒளியும் காமெடியன், இடைவேளைக்குப் பிறகு முன்கதை, கடைசியில் சாமி பாட்டு. முன்கதையில் சாகிற பெண்ணுக்குப் பத்து நிமிஷம், காமெடியனுக்கு ஒரு மணி நேரம். இந்தக் கணக்குதான் எனக்கு உதைக்கிறது.

வஞ்சம் தீர்க்கும் பெண் பேய் என்பதே சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டதுதானே?

இல்லவே இல்லை. சினிமா வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பழையனூர் நீலி வந்துவிட்டாள். திருவாலங்காட்டுப் பக்கத்து ஊர். கணவனால் கொல்லப்பட்டவள், அவன் அடுத்த பிறவியில் வணிகனாக வரும்போது பின்தொடர்கிறாள். ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையின் முன்னால் நின்று, இவர் என் புருஷன், என்னோடு சேர்ந்து வாழமாட்டேன் என்கிறார் என்று அழுகிறாள். அவன் இது பெண்ணே இல்லை, பேய் என்று கதறுகிறான். சபையோர் அவள் கண்ணீரை நம்புகிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடியும்போது அவன் செத்துக் கிடக்கிறான். எழுபது வேளாளரும் தீயில் இறங்கினார்கள்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு. ‘நீலிக் கண்ணீர்’ என்றால் நாம் பொய்யழுகை என்கிறோம். அவள் சொன்ன முறை பொய்தான், கட்டையைக் குழந்தை என்றதும் பொய்தான். ஆனால் அவன் அவளைக் கொன்றது நிஜம். கொலையுண்டவளின் அழுகையைப் பொய்யழுகைக்குப் பெயராக வைத்துவிட்டோம். அச்சமும் அழுகையும் ஒரே ஆளிடம் இருந்தால் நமக்கு அவளை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் நீலியை இசக்கி என்று கும்பிடும் கோயில்களில் இந்தத் திண்டாட்டம் இல்லை. வில்லுப்பாட்டில் அவள் கதையை முழுசாகப் பாடிவிட்டுப் படையலும் போடுவார்கள்.

அறிவழகனின் ‘ஈரம்’ (2009) இந்த வம்சம்தான். சந்தேகக் கணவன் கொன்ற பெண் தண்ணீராக வருகிறாள். கொன்றவனை மட்டும் தேடி வரவில்லை. அவளைப் பற்றி அவதூறு பேசிய அடுக்குமாடி வீட்டுக்காரர்களிடமும் வருகிறாள். உயிரோடு இருந்தவரை போலீஸ் ஸ்டேஷன் படியேறி இந்தப் புகாரை அவளால் கொடுத்திருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பேயே இல்லாமல் நீங்கள் நடுங்கிய படம்?

வெற்றிமாறனின் ‘விசாரணை’. தொல்காப்பியர் பட்டியலில் நாலாவதாக ‘இறை’ இருக்கிறதே, அதுதான். வயிற்றுப் பிழைப்புக்காக ஆந்திரா போய்ப் பூங்காவில் படுத்துத் தூங்கும் தமிழ்ப் பையன்களைப் பிடித்துக்கொண்டுபோய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். மு. சந்திரகுமார் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து எடுத்தது. பேய்ப்படத்தில் விடிந்தால் தப்பிக்கலாம். இதில் விடிந்தால் அடுத்த ஷிப்ட் ஆள் வருவார். ஒரு தடவைதான் பார்த்தேன், இரண்டாவது தடவைக்குத் தைரியம் வரவில்லை.

வாழ்க்கையிலேயே கஷ்டம் இருக்கு. காசு கொடுத்து எதுக்கு அழணும்?

என் மனைவி கேட்கும் கேள்வி இது. அவள் கொலைப் படங்களை ராத்திரி முழுக்கப் பார்ப்பாள், ஒரு தாய் அழுதால் எழுந்துபோய்விடுவாள்.

நான் வீடு கட்டியபோது எங்களிடம் வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் முன்பணத்தோடு பாதியில் காணாமல் போனார். லிண்டல் மட்டத்தில் நின்ற சுவரில் செடி முளைத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். யாரிடமும் சொல்லத் தெரியவில்லை, சொன்னால் ‘விசாரிச்சுக் கொடுத்திருக்கணும்’ என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்த்தேன். 1988-ல் வந்தது, அதில் பாட்டுக் கிடையாது. வேலைக்குப் போகும் சுதாவாக அர்ச்சனா. சிமென்ட்டைத் திருடி விற்கும் கான்ட்ராக்டர், அதைக் காட்டிக்கொடுக்கும் சித்தாள் மங்கம்மா. கட்டிமுடிக்காத வீட்டைப் பார்க்கத் தாத்தா ஒருநாள் தனியாகக் கிளம்பி வருவார். சொக்கலிங்க பாகவதர். ஒவ்வொரு அறையாகத் தடவிக்கொண்டு நடப்பார். பின்னால் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை. வசனம் ஒன்றுமே கிடையாது. அந்த நாலு நிமிஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் வீடு திரும்பமாட்டார் என்று முதல் தடவை பார்க்கும்போதே தெரிந்துபோகும்.

அழுதேன். அழுதால் பாரம் இறங்கும் என்பார்கள், எனக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமைகளை எனக்குத் தெரியாத யாரோ எனக்கு முன்பே பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும் இருந்தது. மறுநாள் போய் வேறு கொத்தனாரிடம் பேசினேன். அதற்கும் படத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம்.

சிவாஜி ஓவர் ஆக்டிங்தானே?

‘பாசமலர்’ 1961-ல் தியேட்டரின் கடைசி பெஞ்சுவரை போய்ச் சேர வேண்டியிருந்தது. கைபேசித் திரையில் அரையடி தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதிகம் என்றால் எப்படி?

டி.வி. மெகா சீரியலையும் டிராமா கணக்கில் சேர்ப்பீர்களா?

சேர்த்தே ஆகவேண்டும், அதைச் சேர்த்துக்கொண்டுதான் ஒரு நல்ல பேய்ப்படமே வந்தது. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’, 2009. மாதவன் குடும்பம் 13-ஆம் மாடியில் புது ஃப்ளாட்டுக்குக் குடிவருகிறது. பால் திரிகிறது, லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்ய மறுக்கிறது. இதெல்லாம் வழக்கமான சகுனம். வீட்டுப் பெண்கள் தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சீரியல் பார்க்கிறார்கள். அந்தச் சீரியல் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இந்தக் குடும்பத்துக்கும் நடக்கிறது என்று மாதவன் மட்டும் கண்டுபிடிக்கிறார். நல்லது நடக்கும்வரை சந்தோஷமாகப் பார்க்கிறார். பிறகு நடுங்கிக்கொண்டே பார்க்கிறார், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நம் வீடுகளில் சீரியல் பார்க்கிற எல்லோருடைய நிலைமையும் அதுதானே? வாசலில் சுண்ணாம்பில் மண்டையோடு வரைந்து பேயைக் கூப்பிட வேண்டியதில்லை, கேபிள் இணைப்பே போதும் என்று அன்றைக்கே சொன்ன படம். எங்கள் அம்மா அந்தப் படம் பார்த்துவிட்டு ரெண்டு நாள் சீரியல் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பார்த்தாள்.

வெளிநாட்டுப் படங்களில்?

‘ஹெரெடிட்டரி’ (2018) பற்றி ஊரே புகழ்கிறது. எனக்கு முக்கால் படம்தான் பிடித்தது. சாப்பாட்டு மேசையில் டோனி கோலெட் மகன்மேல் வெடிக்கிற காட்சியைவிடப் பயங்கரம் அந்தப் படத்தில் ஏதும் இல்லை. ஒருவரையொருவர் மன்னிக்க முடியாத குடும்பம் சேர்ந்து சாப்பிட உட்காருவது. அதற்குப் பிறகு வரும் பூசை, வழிபாட்டுக் கூட்டம் எல்லாம் எனக்கு மெழுகுவத்திச் செலவாகவே பட்டது. ‘த பாபடூக்’ (2014) இந்த விஷயத்தில் நேர்மை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற வழியில் விபத்தில் கணவனை இழந்தவள், அந்த மகனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாளைப் பார்க்கிறாள். பேய் அதிலிருந்துதான் வருகிறது, கடைசிவரை முழுசாகப் போவதும் இல்லை.

ஆனால் அத்தனை தூரம் போகவேண்டியதில்லை. பாலக்காடு தாண்டினால் ராகுல் சதாசிவனின் ‘பூதகாலம்’ (2022) இருக்கிறது. மனச்சோர்வில் தவிக்கும் அம்மா ரேவதி, வேலை கிடைக்காத மகன் ஷேன் நிகம். படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டி இறந்துபோகிறாள், மகனுக்குச் சத்தங்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. குடிக்கிறான், அதனால் கேட்கிறது என்கிறார்கள் ஊரார். அம்மாவே நம்பவில்லை. ரெண்டு பேருக்கும் ரெண்டு அறை, நடுவில் பேச்சே இல்லை. பேய் வருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்த வீட்டைப் பார்க்க முடியவில்லை. பாட்டியின் அறையைக் காட்டும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒன்று. பேய் இருக்கா?

தெரிந்தால் படம் பார்ப்பதை விட்டுவிடுவேன்.

அதற்கும் கடைசியாக. அந்தக் கட்டில் என்ன ஆச்சு?

தாத்தா இறக்கும்வரை பட்டாசலிலேயே கிடந்தது. இப்போது அண்ணன் வீட்டு மச்சில் இருக்கிறது. கயிறு மாற்றி நைலான் நாடா போட்டிருக்கிறார்கள். மதினி அதன்மேல் துவைத்த துணிகளைக் குவித்து வைத்து மடிப்பாள். போன பொங்கலுக்குப் போனபோது அண்ணன் மகன் அதில் படுத்துக் கைபேசியில் பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன படம் என்று கேட்டேன். ‘நல்லாவே இல்ல சித்தப்பா’ என்றான்.